சத்தம் போடாத கோடு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மருமகள் சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரமாகப் பாதி சொல்லிப் பாதி விழுங்கி, தட்டோடு விட்டுவிட்டு எழுந்துபோனதை நான் எடுத்துக்கொண்டேன். (தட்டில் இருந்ததையும்தான்.)

கம்பெனிகள் பொருள் வாங்கவும் விற்கவும் சம்பளம் போடவும் வைத்திருக்கும் மென்பொருளை, கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர் எல்லோருக்கும் எட்டும்படி மாற்றும் குழுவுக்கு அவள் தலைவி. இதற்கு ‘அணுகுதன்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அணுகவே பயமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நான் வெட்டிய வாக்கியங்களையும் கதையில் விட்டுவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘வெட்டியது’ என்றும் பின்னால் ‘வெட்டு முடிந்தது’ என்றும் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். குறுக்கே ஒரு கோடு போட்டால் போதாதா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒருவர் செத்துப்போனார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

2

(வெட்டியது: அன்று காலை அலுவலக வாசலில் ஒரு யானை நின்றது. வெட்டு முடிந்தது.)

“மாமா, அது லாரி,” என்றாள் மருமகள்.

“யானை மாதிரி லாரின்னு வெச்சுக்கலாமா?”

“லாரி மாதிரி லாரி.”

சரி, லாரி. அவளுடைய மென்பொருளை வாங்கியிருந்த ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்றது. உள்ளே வேலை செய்பவர்கள் முப்பது பேர். லாரியில் வந்த சுழல் நாற்காலிகள் இருநூறு. வரவேற்பறை நிரம்பி, நடைவழி நிரம்பி, லிஃப்ட் கதவு திறந்தபோது ஆள் யாருமில்லாமல் ஆறு நாற்காலிகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. கழிப்பறைக்குப் போன கணக்காளர் அங்கேயும் ஒன்றைக் கண்டு, போன காரியத்தை மறந்து திரும்பிவிட்டார்.

(கழிப்பறை நாற்காலி நான் சேர்த்தது. லிஃப்ட் நிஜம். மருமகள் போட்டோ காட்டினாள்.)

ஆர்டர் கொடுத்தவர் எக்ஸ்பிரஸ்.

3

(வெட்டியது: பாவம், பார்வையற்ற அந்த மனிதர். வெட்டு முடிந்தது.)

எக்ஸ்பிரஸ் அங்கே கொள்முதல் பிரிவில் இருக்கிறார். கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினியின் குரல் அவருக்கு வாசிக்கும். அவர் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு அது தகரக் கூரையில் மழை பெய்வதுபோலக் கேட்கும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

ஆளாளுக்கு வேண்டியதை மென்பொருளில் கேட்பார்கள். மேலாளர் வேண்டாததை வெட்டுவார். மிச்சத்தை எக்ஸ்பிரஸ் காதால் கேட்டு, கடைக்காரர்களுக்குப் போன் செய்வார். பழைய மென்பொருளில் வெட்டிய வரி மறைந்துவிடும். புதியதில் மறையாது, யார் என்ன கேட்டார்கள் என்பதும் தெரியட்டும் என்று, குறுக்கே ஒரு கோடு மட்டும் விழும். பார்க்க அழகாக இருந்தது.

‘எல்லோருக்கும் எட்டும்’ என்று அதற்குக் கையெழுத்துப் போட்டவள் என் மருமகள். பொத்தான்களின் பெயர், எழுத்தின் நிறம், மவுஸ் இல்லாமல் போய்வர வழி, எல்லாம் சோதித்தாள். குரலை ஓடவிட்டும் கேட்டாள். அவள் கேட்ட சோதனைப் பக்கத்தில் வெட்டிய வரி ஒன்றுகூட இல்லை.

யாரோ இருபது நாற்காலிக்கு ஒரு பூஜ்யம் கூடப் போட்டு இருநூறு என்று கேட்க, மேலாளர் வெட்டினார். கோடு விழுந்தது.

4

கூட்ட அறையில் மேலாளர், எக்ஸ்பிரஸ், மருமகள். நாற்காலிகளை நான் எண்ணவில்லை.

“வருத்தமாத்தான் இருக்கு மேடம்,” என்றார் மேலாளர். “ஆனா இந்த வேலையில இவரை வெச்சதே எங்க தப்பு. ரிசப்ஷன்ல உக்காந்து போன் எடுக்கட்டும். இவருக்கும் சிரமமில்லை.”

“சார், நான் இங்கதான் இருக்கேன்,” என்றார் எக்ஸ்பிரஸ்.

“உங்க நல்லதுக்குத்தாங்க சொல்றேன்.”

“என் நல்லதை என்கிட்ட சொல்லலாமே. அவங்ககிட்ட சொல்றீங்க.”

மேலாளர் மடிக்கணினியை மருமகள் பக்கம் திருப்பினார். “இதோ, கோடு போட்டிருக்கேன். பளிச்சுனு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“போட்டீங்க சார்,” என்றார் எக்ஸ்பிரஸ். “சத்தமாப் போட்டீங்களா?”

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. குரலின் வேகத்தைக் குறைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னாள்.

“காகிதம், பத்துக் கட்டு. சுழல் நாற்காலி, இருநூறு. மேஜை விளக்கு, நான்கு.”

நாற்காலி வரியில் ஒரு தயக்கம் இல்லை, ஒரு செருமல் இல்லை. மூன்று பேரும் கோட்டுக்காகக் காத்திருந்தார்கள். மறுபடி ஓடவிட்டார்கள். கோடு வரவில்லை.

அந்த மென்பொருள் எத்தனை ஊர்களில் ஓடுகிறது என்பது மருமகளுக்குத்தான் தெரியும். நாற்காலியாவது உட்கார உதவும். மருந்துக் கிடங்கில் வெட்டிய வரியை இப்போது யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்?

“இவர் தப்பு இல்லை சார். சரின்னு சொன்னது நான். என் தப்பு.”

“அப்ப நாற்காலியெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போங்க.”

(வெட்டியது: எடுத்துவந்தாள். நான் இதை எழுதுவதே அதில் ஒன்றில் சுழன்றபடி. வெட்டு முடிந்தது.)

5

என் முதல் பிரதியில் எக்ஸ்பிரஸுக்கு முடிவு அமையவில்லை. வேலையை விட்டுத் தூக்கினேன். பிடிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டேன். அதே லாரியை ஏற்றிக் கொன்றேன், அதற்கும் கோடு. யோசனை தெரியட்டும் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டு, கணினியில் மருமகளுக்கு அனுப்பினேன். அவள் படிக்காமலே அவருக்கு அனுப்பிவிட்டாள்.

“ஐயா, எக்ஸ்பிரஸ் பேசறேன்.”

“சொல்லுங்க! கதை எப்படி?”

“விறுவிறுன்னு போகுது. ஒரு பக்கத்துல வேலை போச்சு. அடுத்த பக்கத்துல லாரி ஏறிச் செத்துட்டேன். அதுக்கடுத்த பத்தியில டீ குடிக்கறேன். சர்க்கரை போடலாமா வேண்டாமான்னு வேற கேக்கறேன். ஆவிக்கு எதுக்கு ஐயா சர்க்கரைக் கவலை?”

“அதெல்லாம் அடிச்சிட்டேனே! கோடு போட்டு...”

சொன்னது என் காதிலேயே விழுந்தது. மருமகளின் கதையை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

சமாளிக்க ஏதாவது கேட்க வேண்டுமே. “இருநூறுன்னு கேட்டப்ப அதிகமாத் தோணலையா உங்களுக்கு?”

“தோணிச்சு. மேலாளர் சரின்னதுல நான் சந்தேகம் கேட்டா, அன்னிக்கே ரிசப்ஷன்தான்.”

அவரே தொடர்ந்தார்.

“இன்னொண்ணு ஐயா. ‘பாவம்’னு மூணு எடத்துல வருது. அதுக்கும் கோடா?”

“ஆமா.”

“போட்டது நல்லதுதான். ஆனா எனக்கு வந்து சேந்துடுச்சு.”

6

மென்பொருளைச் சரிசெய்துவிட்டார்கள். வெட்டிய வரி வந்தால் குரல் இப்போது முதலில் ‘நீக்கப்பட்டது’ என்கிறது. எக்ஸ்பிரஸை என்ன செய்வது என்று மேலாளரும் முடிவெடுத்துவிட்டார். எது என்று எனக்குத் தெரியும். கீழே இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

எக்ஸ்பிரஸ் கொள்முதல் பிரிவிலேயே இருக்கிறார். மேலாளர் எதையாவது வெட்டும்போது, அறையிலிருந்து தலையை நீட்டி, “வெட்டிட்டேன்!” என்று கத்துகிறார். “கேட்டுச்சு சார், மெஷினும் சொல்லிடுச்சு,” என்கிறார் எக்ஸ்பிரஸ்.

எக்ஸ்பிரஸ் வரவேற்பறையில் இருக்கிறார். மிச்சமான நாற்காலிகளில் நல்லதாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பழைய கடைக்காரர்கள் கூப்பிட்டு, “என்ன சார், நீங்க இங்க?” என்றால், “கொள்முதலுக்குப் போடறேன்,” என்று இணைத்துவிட்டு, போனை வைக்கிறார்.

இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் எழுத்தில் போட அலுப்பாக இருந்ததால், இந்த ஒரு தடவை மட்டும் குறுக்கே கோடு. பளிச்சென்று. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உங்களுக்குத் தெரியவில்லையா?

அதற்கு நான் என்ன செய்ய? மேலாளர் உங்கள் பின்னால் நிற்கிறார். ஏதோ ஒன்றை நீங்கள் ஆர்டர் கொடுத்தாக வேண்டும். போனை எடுங்கள்.