பதினோரு இடது திருப்பங்கள்

மூன்றாவது நாளும் ஸ்டாப்வாட்ச், வேனின் நடு வரிசையில் முழங்கால்மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டே வந்தான். வேன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கினான், உதட்டைக் கடித்தான், ஓர் எண்ணைக் குறித்தான். அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்ற பட்டப்பெயர் வந்ததே இதனால்தான். கணக்கு டீச்சர் தும்மினால்கூட எத்தனை நொடி என்று பார்த்து வைக்கிற பிறவி. முன் இருக்கையில், டிரைவருக்கு இடப்பக்கம், மடியில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்த டிரைவர் மகள், அந்தக் கடிகாரம் 'டிக்' என்னும்போதெல்லாம் பையை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். பைக்கு அடியில் அவளுடைய வலது கை அப்பாவின் இருக்கை ஓரத்தில் இருந்தது. ஒரு விரலால் தட்டினால் போகலாம். உள்ளங்கையால் அழுத்தினால் நிற்க வேண்டும். எட்டு மாதமாக அந்த வேன் இப்படித்தான் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இது தெரியாமல் நிம்மதியாக இருந்தார்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. அது இடது கண்ணை முழுசாகத் தின்றுவிட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு கறை விழுந்திருந்தது. நேராகப் பார்த்தால் மறைக்கும், தலையைக் கொஞ்சம் சாய்த்தால் தெரியும். அவர் தலையைச் சாய்த்து ஓட்டுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் அதேபோல் செய்து காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். மகளுக்கு விஷயம் தெரிய வந்தது ஒரு சாயங்காலம், சொம்பிலிருந்து தண்ணீரை டம்ளருக்கு வெளியே அவர் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தபோது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். ஊருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். டிரைவர் பிள்ளை என்ற சலுகையில்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வேலை போனால் இதுவும் போகும். இன்னும் ஒரு வருஷம், உன் பத்தாவது முடியட்டும், நானே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். பத்தொன்பது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதித்த நாளில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். அந்த வருஷக் கடைசியில் நூறு சதவீத வருகைக்காக அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து, மேடையில் கைதட்டினார்கள்.

ஸ்டாப்வாட்சை எழுத வைத்த 'டிசைன் திங்கிங்' என்ற புதுப் பாடம் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில். அதுவரை அந்த நேரத்தில் நூலகத்துக்குப் போகிறோம் என்று சொல்லித் தூங்குவார்கள். புதிதாக வந்த சார் இளவயசு. கை நிறைய வண்ண ஒட்டுச் சீட்டு வைத்திருந்தார், எதைச் சொன்னாலும் ஒரு சீட்டை எடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்வார். பிரச்சினையை உங்கள் மண்டைக்குள் தேடாதீர்கள், அதை அனுபவிக்கிற மனுஷன் பக்கத்தில் போய் உட்காருங்கள், அவர் என்ன செய்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள், தீர்வைப் பிறகு யோசிக்கலாம் என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். நல்ல பாடம்தான். அவள்கூட முதல் வாரம் ஆசையாகத்தான் கேட்டாள்.

நாலு பேர் கொண்ட குழு. டிரைவர் மகள், ஸ்டாப்வாட்ச், கலெக்டர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருத்தி; நாலாவதாக ஒரு பெண், படம் வரைவாள், வாயே திறக்க மாட்டாள். குழுவுக்குத் தலைமை யார் என்று யாரும் கேட்கவில்லை. கலெக்டர் தானே எழுந்து நின்றுகொண்டாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே எல்லாருக்கும் உத்தரவு போடுகிறவள், அதனால் கலெக்டர். எந்தப் பிரச்சினையை எடுப்பது என்றபோது டிரைவர் மகள் குடிநீர்க் குழாயைச் சொன்னாள், நூலகத்தைச் சொன்னாள், ஆண் பிள்ளைகள் கழிவறைக் கதவைக்கூடச் சொன்னாள். கலெக்டர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் ஏழெட்டு நிமிஷம் லேட்டாக வருகிற மூன்றாம் நம்பர் வேன்தான் பிரச்சினை என்று அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

"நம்ம டீம்லயே டிரைவர் பொண்ணு இருக்கா. வீட்டுக்குள்ளயே ஆள வச்சிக்கிட்டு வெளிய எதுக்கு அலையணும்?"

டிரைவரைக் கவனித்து எழுத ஒரு தாள் இருந்தது. அதில் நாலு கட்டம்: சொல்கிறார், செய்கிறார், நினைக்கிறார், உணர்கிறார். முதல் இரண்டையும் ஸ்டாப்வாட்ச் பொடி எழுத்தில் நிரப்பித் தள்ளினான். மற்ற இரண்டும் உனக்குத்தான் தெரியும் என்று கலெக்டர் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ராத்திரி தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே இருப்பதும் தெரியும். 'நேரத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்' என்று ஒரு கட்டத்தில் எழுதினாள். இன்னொன்றில் 'மகிழ்ச்சி' என்று எழுதினாள்.

ஆனால் எண்கள் பொய் சொல்லவில்லை. வழியில் பதினோரு இடது திருப்பம், ஒன்பது வலது திருப்பம். வலதில் வேன் ஒரு நொடிகூட நிற்பதில்லை. இடதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நாலு, ஐந்து, சில சமயம் ஏழு நொடி நின்று, யோசித்து, பிறகு திரும்புகிறது. ஸ்டாப்வாட்ச் இதைப் படித்துக் காட்டியபோது டிரைவர் மகள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வெட்கங்கெட்ட ஒரு நிம்மதிகூட அவளுக்குள் எட்டிப் பார்த்தது. கலெக்டர் எழுந்து நேராக வேன் நிற்கிற இடத்துக்குப் போனாள். டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இவளை முன் இருக்கையில் உட்காரச் சொல்லி, வெளியே நீட்டியிருந்த இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். இவளுடைய தலை கண்ணாடியை மறைக்கிறதாம்! அதனால்தான் டிரைவர் இடது திருப்பத்தில் தயங்குகிறார். முன் இருக்கையைக் காலியாக விட்டால் தாமதம் தீர்ந்தது.

அதில் கொடுமை என்னவென்றால், அவள் தலை உண்மையிலேயே கொஞ்சம் மறைக்கத்தான் செய்தது.

சார் அந்தத் தீர்வை எழுதிய சீட்டின் மேல் நட்சத்திரம் போட்டார். பள்ளியின் வாகனப் பொறுப்பாளருக்கும் பிடித்துப்போயிற்று. செலவில்லாத தீர்வு யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டு நாள் சோதனை ஓட்டம் பாருங்கள், சரிப்பட்டால் ஏழு வேனிலும் முன் இருக்கையைக் காலி செய்துவிடலாம் என்றார். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு, பிள்ளைகள் நல்லாத்தான் யோசித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வேறென்ன சொல்வார், பாவம்.

பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்று அவள் குழுவில் சொல்லிப் பார்த்தாள். கலெக்டர் மறுநாளே இரண்டு பிளாஸ்டிக் பை கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, அப்பாவிடம் கெஞ்சினாள். இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளச் சொன்னாள். மாற்று டிரைவர் வந்தால் அவர் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், அப்புறம் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள் என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் அழ ஆரம்பித்ததும் தலையைத் தடவினார்.

"ரெண்டு நாள்தானே பாப்பா. இந்த ரோட்ட நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை முன் இருக்கையில் 'காலி' என்று எழுதிய மஞ்சள் அட்டை உட்கார்ந்திருந்தது. படம் வரைகிற பெண் அதில் ஓரமாகப் பூவெல்லாம் வரைந்திருந்தாள். கலெக்டர் கதவருகே நின்று, யார் எந்த இருக்கை என்று பட்டியல் பார்த்துப் பிள்ளைகளை ஏற்றினாள். டிரைவர் மகளுக்குக் கடைசி வரிசை. முதல் இடது திருப்பத்தில் வேன் நின்றது. அவள் விரல்கள் தன் தொடையையே அழுத்திக்கொண்டிருந்தன. மூன்று நொடியில் வேன் திரும்பியது. ஸ்டாப்வாட்ச் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒன்றும் ஆகவில்லை. அப்பா காதால் ஓட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வேன் சத்தத்தைத் தாண்டி எதையாவது கேட்க முடியுமா என்று தன் பக்க ஜன்னலை முழுசாக இறக்கிவிட்டிருந்தார். அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒன்பதாவது திருப்பம் முடிந்தபோது, கடவுளே, இன்னும் இரண்டுதான் என்று அவள் எண்ணினாள். பத்தாவதும் கடந்தது.

பதினோராவது, கடைசி நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. அங்கே ஓர் அண்ணனும் தங்கையும் ஏறுவார்கள். தங்கை ஒன்றாம் வகுப்பு. ஆள் அவ்வளவு சின்னதாக இருப்பதால் எல்லாரும் அவளைப் பட்டாணி என்பார்கள். அண்ணன் ஏறியதும் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். கலெக்டர் பட்டியலைக் காட்டி அவனோடு மல்லுக்கு நின்றாள். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அந்தச் சத்தத்தில் அப்பாவுக்கு எதுவும் கேட்டிருக்காது. கதவு சாத்திய மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கலாம். கடைசி வரிசை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டிரைவர் மகள் பார்த்தாள்: இன்னும் ஏறாத பட்டாணியின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது. பட்டாணி அதன் பின்னால் வேனின் முன்பக்கம் ஓடினாள். இடது சக்கரத்துக்கு முன்னால் குனிந்தாள். வேன் நகர்ந்தது.

"அப்பா! நிறுத்துப்பா!"

வேன் குலுங்கி நின்றது. டயருக்கு அடியில் ஏதோ படாரென்று நொறுங்கியது, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது.

"புள்ள எங்க?" என்றார். "பாப்பா, புள்ள எங்க?"

பட்டாணி எப்படியோ விலகி, இடப்பக்க முன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. பாட்டில் போன ஆத்திரத்தில் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "புள்ள எங்க, யாராவது சொல்லுங்களேன்," என்றார்.

பட்டாணியின் அண்ணன் இறங்கி ஓடி அவளைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை மாமா என்று கத்தினான். ஸ்டாப்வாட்ச் காலி இருக்கையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், டிரைவரின் சாய்ந்த தலையைப் பார்த்தான். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். கணக்கில் கெட்டிக்காரன், விடை கிடைத்திருக்கும். கலெக்டர் பட்டியலைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தாள்.

"நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். சத்தியமா. நீ முன்னாடி போய் உக்காரு. டிரையல் ஊத்திக்கிச்சுன்னு சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அதற்குள் அப்பா மஞ்சள் அட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அந்த இருக்கையைக் கையால் தட்டினார். வா பாப்பா, நேரமாகிறது என்றார். சாதாரணமாகச் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. அவள் எழுந்து நடந்தாள். அவளுக்குப் போய் உட்காரத்தான் ஆசையாக இருந்தது. உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, இன்றைக்கு இல்லை, நாளைக்கு யோசிக்கலாம் என்று விட்டுவிட எவ்வளவு ஆசை! எட்டு மாதமாக அப்படி ஒவ்வொரு நாளாகத்தான் தள்ளினாள். அவள் முன்னால் வந்து, குனிந்து, சாவியைத் திருப்பி உருவிக்கொண்டாள். எஞ்சின் அடங்கியது.

"எல்லாரும் இறங்குங்க. நடந்து போயிரலாம்."

"சாவியக் குடு பாப்பா."

"மாட்டேன்ப்பா."

அவர் கத்தவில்லை. உன் பத்தாவது என்று ஆரம்பித்தார், மேலே போகவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டிருப்பாள். அதனால் பார்க்காமலே இறங்கினாள்.

அங்கிருந்து பள்ளிக்கூடம் கால் மணி நேர நடை. கலெக்டர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிறுத்தினாள். இந்தத் தடவை அவள் சொன்னதை எல்லாரும் முணுமுணுக்காமல் கேட்டார்கள். லாரிக்காரன் ஏதோ திட்டிவிட்டு வேனைச் சுற்றிக்கொண்டு போனான். மூன்றாம் நம்பர் வேன் பிள்ளைகள் நடந்து வந்தால் வாசலில் நிற்கிற வாகனப் பொறுப்பாளர் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான். வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்றுதான் டிரைவர் மகளுக்குத் தெரியவில்லை. வரிசையின் கடைசியில், பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். பட்டாணி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"டிரைவர் மாமா என்ன தேடுறாரு? என் பாட்டிலயா?"

அவளும் திரும்பினாள். அப்பா வேனிலிருந்து இறங்கி, வண்டியின் மூக்கைக் கையால் தடவிக்கொண்டே இடப்பக்கம் வந்திருந்தார். சக்கரத்தின் அருகே மண்டியிட்டு, டயருக்கு அடியில், தார் ரோட்டின் மேல், உள்ளங்கையை மெதுவாக வைத்து வைத்துத் துழாவினார். கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, ஈரத்தைப் பார்த்தார். அது வெறும் தண்ணீர். நசுங்கிய பாட்டில் வெயிலில் பளபளத்துக்கொண்டு, அவருக்கு ஒரு சாண் இடது பக்கத்தில் கிடந்தது.