தரையில் போட்ட சோறு

"இலை எதுக்குடி? தரையில போட்டுத் துன்னாத்தான் மண்சோறு! மூணு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல, இதுல மகாராணிக்கு இலை கேக்குது!"

மாமியார் எல்லம்மா பிடுங்கி எறிந்த வாழையிலை வாசலில் போய் விழுந்தது. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத தனம், சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். ஆடி மூன்றாம் வெள்ளி. மேற்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவே அம்மன் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் வேதாசலம், ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே நாலாய் மடித்த காகிதம். பல்லாவரத்து டாக்டர் நாலு நாளைக்கு முன்னால் கொடுத்தது. குறை அவனிடம்தான். இந்த ஜென்மத்தில் அவன் தகப்பனாக முடியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே முதல் மனைவி காந்திமதி கெஞ்சினாள், "நீங்களும் ஒரு தடவை வந்து காட்டிடுங்க" என்று. "ஆம்பளைக்கு இன்னாடி டெஸ்ட்டு?" என்று சாப்பாட்டுத் தட்டை விசிறியடித்தான் மகானுபாவன். அவள் மூன்று ஆடி மண்சோறு தின்றாள். பிறகு மலடி என்ற பட்டத்தோடு அவளைப் பெருங்களத்தூரில் தாய் வீட்டுக்கு அனுப்பி, கோர்ட்டிலும் தீர்த்துவிட்டார்கள். இந்தத் தடவை தனத்தை எங்கும் அலையவிடாமல் அவனே முதலில் போனான். அந்த மட்டுக்குப் புத்தி வந்திருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. தனமும் போய்விட்டால்?

கோவில் முற்றத்தில் எல்லம்மா தரையில் மூன்று உருண்டை சோறு வைத்தாள். தனம் மண்டியிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். தலை சுற்றி, நெற்றி கல்லில் இடித்தது. காந்திமதிக்கும் ஒருமுறை இப்படித்தான் இடித்தது. அன்றைக்கு வேதாசலம் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இன்றைக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"எழுந்திரு தனம்."

அவளைத் தூக்கி உட்காரவைத்து, அவள் இடத்தில் தான் மண்டியிட்டான். கைகளைப் பின்னால் கட்டினான். குனிந்து ஒரு வாய் தின்றான்.

"டேய், பேஜார் பண்ணாத! பொம்பளைங்க துன்றதுடா அது!"

"கொறை எனக்குத்தாம்மா. டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு. தனத்துக்கு ஒண்ணுமில்ல. காந்திமதிக்கும் இல்ல."

எல்லம்மா ஒரு நொடிதான் திகைத்தாள். "பாருங்கடி எம்புள்ளைய! பொண்டாட்டி கொறையத் தன் தலையில போட்டுக்கினு நிக்குது!"

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "இப்படி ஒரு புருஷன் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றாள் ஒருத்தி தனத்திடம். அட பாவிகளா! அவனுக்குத் தியாகிப் பட்டம், அவளுக்கு அதே மலடிப் பட்டம். அவன் காகிதத்தை நீட்டினான். ஒருத்தியும் கை நீட்டவில்லை.

தனம் வாங்கிப் படித்தாள்.

"நாலு நாளா பையில வெச்சிருந்தீங்களா? நேத்து பூரா நான் பட்டினி கெடந்ததப் பாத்துகினுதானே இருந்தீங்க?"

"நீயும் பூடுவியோன்னு பயம் தனம்."

"அந்த அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"மொதல்ல அங்க போலாம். நான் இருக்கறதா போறதான்னு அப்பறம் சொல்றேன்."

பெருங்களத்தூரில் கதவைத் திறந்தது காந்திமதிதான். வாசலில் நின்றபடியே காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"எங்கம்மா செத்து ஆறு மாசம் ஆவுது. எம்பொண்ணு மலடின்னு அழுதுகினேதான் போய்ச் சேந்தாங்க."

வேதாசலம் கைகூப்பினான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. காகிதத்தைத் தனத்தின் கையில் வைத்தாள். "நீ வெச்சுக்கம்மா. உனக்குத்தான் இது தேவப்படும்."

"ஃப்ரேம் போட்டு வூட்டுச் செவுத்துல மாட்டப் போறேன்க்கா," என்றாள் தனம். "எங்க கல்யாண போட்டோ பக்கத்துல. வர்றவங்க போறவங்க எல்லாம் படிக்கட்டும்."

வேதாசலம் கூப்பிய கைகளை இறக்கினான்.

"ஆணி நான் அடிக்கிறேன்" என்றான்.