இரண்டு சொல்

என் மகன் லோயிக்குக்கு இருபத்து மூன்று வயது. சமையலறையில்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்காருவான். மேடும் பள்ளமுமான பனிச்சரிவில் ஸ்கீ மாட்டி இறங்கும் பனிமேட்டுச் சறுக்கில் நாட்டு அணி வரை போனவன். நாலு முறை தலை பனியில் மோதி, வெளிச்சமும் இரைச்சலும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்து இரண்டு வருடமாகிறது. தன்னைக் கெடுத்தது அந்த அடிகள்தான் என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஓய்வெடு என்று டாக்டர்கள் உட்காரவைத்ததுதான் தன் இடத்தைப் பறித்தது என்பான். பட்டும் புத்தி வராத பிள்ளை. பெற்றவள் நானே சொல்கிறேன்.

அவன் தங்கை மயெலுக்குப் பதினேழு. அண்ணன் போன தடத்திலேயே அவளும் போனாள். அவனுடைய பழைய பந்தயக் கால்சட்டையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். முழங்கால் இரண்டும் சேர்ந்தே மடங்குகிறதா என்று நடுவர்கள் பார்ப்பதற்காக அதில் சிவப்பு ஒட்டு இருக்கும்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் டாக்டர் ஐந்து சொல் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பார். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடியும் அதே பரீட்சை. முன்பைவிடக் குறைந்தால் களத்தில் இறங்க முடியாது. நவம்பரில் பருவத்தின் முதல் பரீட்சைக்கு முன் லோயிக் அவளுக்குத் தந்திரம் சொல்லிக்கொடுத்தான். அவனே பின்னால் என்னிடம் சொன்னது இது.

“அஞ்சும் ஞாபகம் இருந்தாலும் ரெண்டு மட்டும் சொல்லு. மக்கு மாதிரி முழி. அப்புறம் அடிபட்டாலும் ரெண்டு சொன்னா விட்டுடுவாங்க.”

“மக்கு மாதிரி முழிக்கத்தான் உன்னைப் பாத்துப் பழகியிருக்கேனே.”

பிப்ரவரியில் அணித் தேர்வுப் பந்தயம். அன்று இறங்காவிட்டால் அந்த வருடம் அவளுக்கு இடமில்லை. சரிவில் தாவுவதற்கென்றே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பனிமேடை இருக்கும்; காலைப் பயிற்சியில் மேல்மேடையிலிருந்து தாவியவள் மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை பனியில் மோதியது. தானாகவே எழுந்துகொண்டாள். டாக்டர் ஐந்து சொல் சொல்லிக் கேட்டார். இரண்டு சொன்னாள். நவம்பரிலும் இரண்டுதான், மாற்றமில்லை, போகலாம் என்றுவிட்டார்.

தொடக்கக் கோட்டில் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகளை வாங்கி வைப்பது என் வேலை. பெற்றோர்கள்தான் முறைபோட்டு அதைச் செய்வோம். லோயிக் அவள் ஸ்கீயைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் காதோரம் குனிந்தான்.

“இப்ப எனக்கு மட்டும் சொல்லு. அஞ்சும்.”

“வாளி. உப்பு.”

“அடிப்பாவி, என்கிட்டயுமா நடிப்பு?”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்து, அவள் முதுகில் தட்டினான். என்ன விஷயமென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தொடங்கிவைப்பவர் எண்ண ஆரம்பித்தபோது அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“நீ இன்னும் பூட்ஸ் மாட்டலையா? எனக்கு அடுத்து நீதானே இறங்கணும்.”

நாலு முறை விழுந்தபோதும் லோயிக்கின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே பாய்ந்தவன் பனியில் வழுக்கி விழுந்தான். அதற்குள் அவள் போய்விட்டாள். எங்கள் ஊரில் மாதா கோயில் பூசைப் பாத்திரங்களின் பெயர்கள்தான் கெட்ட வார்த்தை; அத்தனையையும் சொல்லி அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

முதல் மேடுகளில் சிவப்பு ஒட்டுகள் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. அழகாகத்தான் போனாள். கீழ்மேடை வந்ததும் தாவ வேண்டும் என்பதே அவளுக்கு நினைவில்லை. மேடை அவளைத் தூக்கி எறிந்தது. என் கையில் இருந்த சட்டையில் அவள் உடம்புச் சூடு இன்னும் இருந்தது.

இப்போது இரண்டு பேருக்காகவும் சமையலறைத் திரையை இழுத்து மூடியே வைத்திருக்கிறேன். தினமும் காலையில் லோயிக் அவளுக்கு ஐந்து சொல் சொல்லுவான். அவள் தட்டில் மேப்பிள் பாகு ஊற்றிவிட்டுத் திருப்பிக் கேட்பான். இரண்டு சொல்லுவாள், சில நாள் ஒன்று. அவன் கண்ணாடியைக் கழற்றி, கண் கூசக் கூச அவள் முகத்தையே பார்ப்பான்.

“மயெல், நடிக்காதடி,” என்பான்.