குளிர் என்று ஒன்று கிடையாது

நாகலூர் எஸ்டேட் பக்கத்தில் குளிரைத் திட்டாத வாய் கிடையாது. தேவசிகாமணி வாத்தியார் மட்டும் திட்டமாட்டார். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற மனிதர். இல்லாத ஒன்றை எப்படித் திட்டுவார்?

சூடு போவதைத்தான் குளிர் என்கிறோம், குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது என்பார். அந்தக் காலத்து ஆராய்ச்சிக்காரர்களே சூட்டை எடையில்லாத ஒரு திரவம் என்று நம்பினார்கள். திரவம் பொய்த்துப்போன பிறகும் சூடு பாய்கிறது, இறங்குகிறது என்ற பேச்சு மட்டும் போகவில்லை என்று வகுப்பில் விலாவாரியாகச் சொல்வார். "நாக்குதான் நமக்கு முதல் வாத்தியார். அது சொல்லிக்கொடுத்ததை மறக்கறது நொம்பக் கஷ்டம்."

பக்கத்து வீட்டுக் கண்ணாயி, குளிர் உள்ளே வருகிறதென்று கதவிடுக்கில் சாக்கை அடைத்தால் போதும். உள்ளே எதுவும் வரவில்லை, சூடுதான் வெளியே போகிறது என்று வாத்தியார் பாடம் நடத்திவிட்டுத்தான் விடுவார். அவர் மனைவி அற்புதம் தலையில் அடித்துக்கொள்வாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி அடைமழை. அற்புதம் அடிவாரத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் மகள் தெரசாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயது. பல் தந்தியடிக்க, "அப்பா, குளுருது" என்றாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அது இப்படியா உதவாமல் போகவேண்டும்? பிள்ளைக்குள் குளிர் புகுந்துவிட்டது, அதை விரட்டவேண்டும். அவருக்குத் தோன்றியது அது ஒன்றுதான். இருந்த கம்பளிகளையெல்லாம் போட்டு இறுகச் சுற்றினார். ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் சாக்கைக்கூட அடைத்தார். நெற்றி கொதித்தபோது அவருக்குச் சந்தோஷம். "குளுரு விட்டுருச்சு கண்ணு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ." கம்பளியை உதைத்துத் தள்ளிய பிள்ளையை அணைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வலிப்பு வந்தது. எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். கம்பளிகளைப் பிரித்த டாக்டர், சூடு வெளியே போக வழியே இல்லாமல் கட்டி வைத்திருக்கிறீர்களே என்றார். பிள்ளை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் கண்ணாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாழாப்போன குளுரு புள்ளையக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சுங்க சார்."

தேவசிகாமணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறெதுவும் இல்லை.

"ஆமாங்க. குளுருதான்."

சேதி கேட்டுத் தாய்வீட்டிலிருந்து வந்திருந்த அற்புதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, குளுருன்னு ஒண்ணு கெடையாதுன்னு சொல்லுவீங்களே."