நேர்ந்துவிட்ட முடி

என் தலைமுடியை என்னைக் கேட்காமலே சாமிக்கு நேர்ந்துவிட்டார் என் வீட்டுக்காரர். மதுரை ஆஸ்பத்திரியில் நான் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, வராந்தாவில் நின்றபடி, "ஆத்தா கௌமாரி, அன்னத்தாயை உசுரோட குடுத்துரு, அவ தலைமுடி மொத்தமும் உனக்கு" என்று வீரபாண்டிக் கோயிலை நினைத்துக் கும்பிட்டிருக்கிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அவருக்கு நல்ல கிருதா மீசை இருக்கிறது. அதை நேர்ந்திருக்கலாம்.

ஆனால் ஆத்தாளுக்கு முன்னால் மருந்து முந்திக்கொண்டது. பதினைந்தே நாளில் தலையணை முழுக்க என் முடி கிடந்தது.

நான் சின்னமனூரில் பிளவுஸ் தைக்கிறவள். அவர், பாண்டியராஜன், வாழைத்தார் ஏற்றும் டாடா ஏஸ் ஓட்டுகிறார். ரெண்டு வருசத்துக்கு முன்னால் என் கால்களில் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. தையல் மிஷின் இடித்திருக்கும் என்று நினைத்தேன். பல் விளக்கினால் ரத்தம் வந்தபோது பிரஷ் சரியில்லை என்று புதுசு வாங்கினேன். கடைசியில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

எட்டு மாசம் மருந்து ஏறியது. வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தால் ஆணியை நக்குகிற மாதிரி இருந்தது. தாளிக்கிற வாசனைக்கே குடல் புரண்டது. விரல் நுனிகள் மரத்துப்போய், ஊசி குத்தினால் துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். இதெல்லாம் என்னோடு இருந்தது, பொறுத்துக்கொண்டேன். மொட்டைத் தலைதான் ஊருக்கே தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "வேண்டுதலா? பழனியா, திருப்பதியா?" என்று கேட்பார்கள். பழனி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைக் கண்ணாடியை லைனிங் துணி போட்டு மூடிவைத்தேன். அதில் தெரிந்தது நான் இல்லை, அந்த நோய்தான்.

அப்புறம் ஒருநாள் முடி முளைத்தது. முன்பு எனக்குக் கம்பி மாதிரி நேர் முடி. இப்போது வந்தது சுருட்டை. காசு கொடுத்தாலும் பார்லரில் இப்படிச் சுருட்டிவிட மாட்டார்கள் என்று என் மகள் திரிஷா கேலி செய்தாள். காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கழுத்து வரை வளர்ந்ததும், ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கிளிப் குத்தி வைத்துவிட்டாள். அன்றைக்குக் கண்ணாடித் துணியை எடுத்தேன். வெகுநாளைக்குப் பிறகு என்னைப் பார்த்தது சந்தோசமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருந்தது. இன்னும் ஒரு வருசம் மாத்திரை மட்டும் போதும்.

அந்த வாரமே இவர் வேண்டுதல் பேச்சை எடுத்தார்.

முடியாது என்றேன். பெண்கள் கொடுக்கிற மாதிரி பூமுடி, நுனியில் மூன்று கொத்து மட்டும், வெட்டிக் கொடுக்கிறேன் என்றேன். மொத்தமும் என்று சொன்னது சொன்னதுதான் என்றார். சொன்னது உங்கள் வாய், போவது என் முடியா என்று கேட்டேன். ரெண்டு நாள் இதே சண்டை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"சொல்லை மாத்துனா அது திரும்ப வந்துருமோன்னு பயமா இருக்கு, அன்னம்."

 ஒன்றரை வருசமாகத் தூக்கத்தில் எழுந்து எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மனுசன். காய்ச்சல் இல்லை என்று தெரிந்தாலும் தூங்க மாட்டார். அவர் பயம் எனக்குத் தெரியும். ஆனால் மறுபடியும் அந்த மொட்டைத் தலையைப் பார்க்க எனக்கும் தெம்பில்லை.

டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று, அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது இவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். டாக்டரம்மாவோ ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, தாராளமாக எடுக்கலாம், புது பிளேடு போடச் சொல்லுங்கள், திருவிழாக் கூட்டத்தில் போகாதீர்கள் என்று சிரித்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி. ஆத்தா முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் பூமுடி. சிவப்பு வந்தால் மொட்டை. அவளே சொல்லட்டும், நமக்குள் எதற்குச் சண்டை என்றார். நானும் சம்மதித்தேன்.

பங்குனியில் கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை, தார் இறக்கிய கையோடு வண்டியைக் கழுவி என்னை ஏற்றிக்கொண்டு வீரபாண்டிக்கு வந்தார். சன்னதிக்குள்ளே மட்டும் கொஞ்சம் நெரிசல் இருந்தது. நீ முடி எடுக்கிற கொட்டகையில் உட்கார், நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முல்லையாற்றுப் பக்கமிருந்து காற்று வந்து என் சுருட்டையைக் கலைத்தது. இதுதான் கடைசியோ என்று இருந்தது. நானும் மனசுக்குள், வெள்ளையைக் குடு ஆத்தா என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

கால் மணி நேரத்தில் வந்தார்.

"வெள்ளைதேன் வந்துச்சு. பூமுடி போதும்" என்றார்.

எனக்கு ஒரு நிமிசம் பூமியில் கால் பாவவில்லை. முடி எடுக்கிற சுருளியாண்டி அண்ணன் கத்தரியைத் துடைத்துக்கொண்டு, உட்காரும்மா என்று பலகையைக் காட்டினார். உட்காரப் போகும்போதுதான் இவரைச் சரியாகப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அதன் பையில், துணியைத் தாண்டிச் சிவப்பாகத் தெரிந்தது.

பொய் சொல்கிறவர் அந்தப் பூவை வழியிலேயே எறிந்துவிட்டு வந்திருக்கலாம். ஆத்தா கொடுத்த பூவைக் கீழே போடுவாரா? பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வந்து என் காதில் பூச்சுற்றுகிறார்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நோய் திரும்பிவிடும் என்று தூக்கத்தில்கூட நடுங்குகிற மனுசன், என் முடிக்காக அந்த ஆத்தாளிடமே பொய்க்காரனாகி நிற்கிறார். இனி ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து என் நெற்றியைத் தொடுவார். இந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமப்பார். இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு இந்த மனுசன் மூன்று வாரமாகச் சண்டை போட்டிருக்கிறார்.

"மொத்தமும் எடுங்கண்ணே. புது பிளேடு போட்டு" என்றேன்.

இவர் பதறி முன்னால் வந்தார். "வெள்ளைன்னு சொன்னேன்ல?"

"காதுல விழுந்துச்சு. அங்கன போய் நில்லுங்க."

"அன்னம், வேணாம். நீ அழுவ."

"போன தடவை திரும்ப வருமான்னு தெரியாம அழுதேன். இப்பத்தேன் தெரியுமே. வரும்."

அண்ணன் தலையை நனைத்தார். பிளேடு நெற்றியிலிருந்து பின்னால் போனது. சுருட்டை முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. தலையணையில் கிடந்த முடியை அன்று தொடவே பயந்தேன். இதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. விரல் நுனிக்கு நன்றாகவே தெரிந்தது. நான் அழவில்லை. தள்ளி நின்ற அவர்தான் துண்டால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார்.

குளித்துவிட்டு வந்ததும் சந்தனத்தைக் குழைத்து என் தலையில் அவரே தடவினார். குளுகுளுவென்று இறங்கியது. பையில் இருக்கிற பூவைக் கொடுங்கள் என்றேன். குனிந்து பையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். வைக்க முடியில்லாததால் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாமி கும்பிட்டு வெளியே வந்தோம். பூக்கடைக்கார அக்கா என் தலையைப் பார்த்து, "வேண்டுதலா தாயி?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, வேண்டுதல்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. பின்னால் விரித்த படுதாவில் கொஞ்சம் சாய்கிறேன் என்று படுத்தவர், அடுத்த நிமிசமே குறட்டை விட ஆரம்பித்தார். வாய் திறந்திருந்தது. மீசை ஏறி ஏறி இறங்கியது. வெயில் சாய்கிற வரைக்கும் தூங்கினார். ஒரு தடவைகூடக் கையை நீட்டி என் நெற்றியைத் தேடவில்லை. நானும் எழுப்பவில்லை.