சாவுக்கு ஊதாத சங்கு

சின்னக்காரணை ஏரிக்குக் கப்பல் வர ஆரம்பித்தது வேர்க்கடலை விலை படுத்துப்போன வருஷத்து மார்கழியில். உத்திரமேரூரிலிருந்து மினி பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம் சின்னக்காரணை. கடல் அங்கிருந்து கிழக்கே வெகுதூரம், ஊரில் பாதிப்பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த மார்கழியில் பனி இறங்கிய காலைகளில் ஏரித்தண்ணீர் உப்புக் கரித்தது, வெயில் ஏறியதும் பழையபடி நல்ல தண்ணீரானது. மாடுகள் விவரமானவை, வெயில் வரும்வரை தாகத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டன. கப்பல்கள் பனிக்குள்ளேயே போகும், பனிக்குள்ளேயே வரும். ஆள் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஊதுகிற சத்தம் கேட்கும், வரப்பில் நிற்பவன் மூக்கில் டீசல் வாடை அடிக்கும். ஜனங்கள் இரண்டு நாள் வாயைப் பிளந்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள். ஏரிக் கெண்டையில் பழைய ருசி இல்லை என்பதுதான் பெரிய புகாராக இருந்தது.

தேவயானிக்கு மட்டும் கை வேலையில் ஓடவில்லை. அவள் புருஷன் ஜான்சன் சரக்குக் கப்பலில் டெக்கில் வேலை செய்கிறவன். துரு சுரண்டுவான், பெயிண்ட் அடிப்பான், பனி மூடினால் கப்பலின் முன்மூக்கில் நின்று காது கொடுப்பான். கல்யாணமான புதிதில் அவன் முதல்முறை போன் செய்தபோது பின்னால் கப்பல் நீளமாக ஊதியது. இவள் பதறிப்போய், "ஐயோ, யாரு பூட்டாங்க? சங்கு ஊதறாங்களே!" என்று கேட்டுவிட்டாள். சின்னக்காரணையில் நீளமாக ஒன்று ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜான்சன் சிரித்த சிரிப்பில் லைனே அறுந்துபோயிற்று. அடுத்த லீவில் வந்தவன், சோறு தின்கிற நேரமெல்லாம் காலிச் சொம்பில் வாயை வைத்து ஊதிக்காட்டிப் பாடம் எடுத்தான். நீளமாக ஒன்று என்றால் வந்துகொண்டிருக்கிறேன். நீளமாக இரண்டு என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கிறேன். குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, மறுபடி குட்டையாக ஒன்று என்றால் நங்கூரம் போட்டு நிற்கிறேன், என்மேல் வந்து மோதாதே. "கண்ணு தெரியாத எடத்துல கத்தறவந்தான் பொழைப்பான், தேவி" என்றான். அவன் கப்பல் ஊதுகுழலில் ஒரு கோளாறு உண்டு. ஊதி முடிக்கிற இடத்தில் ஒரு விக்கல் விக்கும். கேப்டன் அதற்காகத் தினமும் திட்டுகிறார் என்றும் சொல்லியிருந்தான்.

கார்த்திகையிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. சென்னையில் இருக்கிற ஏஜெண்ட், கடலில் டவர் கிடைக்காதும்மா என்று ஒரே பாட்டைப் பாடினான். இப்படி இருக்கும்போது ஒரு காலை தேவயானி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, மேற்கே ஏரி நடுவிலிருந்து நீளமாக இரண்டு கேட்டது. இரண்டாவதன் முடிவில் ஒரு விக்கல். அவள் கையிலிருந்த குண்டான் உருண்டு தெருவுக்குப் போயிற்று. அது ஜான்சன் கப்பல். எஞ்சின் நின்று அசையாமல் கிடக்கிறது. அவள் எழுந்து நின்றது அதற்காகக்கூட இல்லை. கிழக்கே, ஊர்க்காரர் சுப்பிரமணியின் நெல் வயலுக்கு மேலிருந்து இன்னொரு எஞ்சின் தடதடவென்று வந்துகொண்டிருந்தது, அது ஊதவே இல்லை. வாடையும் கீழைக்காற்றும் சேர்ந்து அடித்த நேரம். ஜான்சன் கப்பல் ஊதியது ஏரிக்கரைவரை வந்து அங்கேயே விழுந்தது, கரையைத் தாண்டிக் கிழக்கே ஒரு அடி போகவில்லை. வெயில் ஏறியதும் இரண்டு சத்தமும் அடங்கின. மறுநாள் பனியில் மறுபடி கேட்டன, முதல் நாளைவிடக் கிட்டத்தில். அதற்கு மறுநாள் இன்னும் கிட்டத்தில்.

கரைதான் இரண்டுக்கும் நடு. கரையிலிருந்து சத்தம் கொடுத்தால் அந்த ஊமைக் கப்பல் திரும்பிவிடும் என்று தேவயானி கணக்குப் போட்டாள். எதிர்வீட்டு வசந்த்குமார் ஓட்டுகிற குவாரி டிப்பரைக் கரையில் ஏற்றி ஏர்ஹாரனை அழுத்தச் சொன்னாள். காது கிழிகிற அந்த ஹாரனைப் பனி இரண்டு முழத்துக்குள் தின்றுவிட்டது. சர்ச்சின் மைக்செட்டைக் கொண்டுவந்தார்கள், அதுவும் அதே கதி. இது கடல் பனி, கடலில் பிறந்த சாமான் சத்தம்தான் இதில் போகும் என்று வசந்த்குமார் சொன்னான், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏனென்றால் சின்னக்காரணையில் கடலில் பிறந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தேவயானியின் மாமனார் இருசப்பன் வீட்டுப் பரணில் இருக்கிற சங்கு.

அந்தச் சங்கின் கதை ஊருக்கும் தெரியும், இருசப்பன் குடியிருக்கிற காலனிக்கும் தெரியும். ஊரில் யார் செத்தாலும் பாடைக்கு முன்னால் நடந்து சங்கு ஊதுவது இருசப்பன் குடும்பத்தின்மேல் கட்டிவைத்த வேலை. அவரும் ஊதினார். பிறகு ஓர் ஐப்பசி அடைமழையில் அவர் மனைவி சிட்டம்மாள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். சுடுகாட்டுக்குப் போகிற ஒரே பாதை ஊர்த்தெரு வழியாகப் போகிறது. காலனிப் பொணம் எங்கள் தெருவில் வரக்கூடாது என்று சுப்பிரமணியும் இன்னும் நாலு பேரும் குறுக்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார்கள். பாதைக்கு ஒரு பக்கம் குவாரிப் பள்ளம், மறுபக்கம் ஏரி. இருசப்பனும் ஜான்சனும் பங்காளிகளும் சிட்டம்மாளைத் தோளில் வைத்து ஏரித்தண்ணீரில் இறங்கி அக்கரை கொண்டுபோனார்கள். ஊருக்கெல்லாம் ஊதியவன் பெண்டாட்டிக்கு ஊத ஆளில்லை, ஊதுகிறவர் தோளில் பாடை இருந்தது. அன்று சாயங்காலம் சங்கைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். இனிமேல் காலனியிலிருந்து எவனும் சாவுக்கு ஊதப்போவதில்லை என்று எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள். அதற்காக இரண்டு போகம் வயல் வேலை கொடுக்காமல் ஊர் அவர்களைக் காயப்போட்டது. பட்டினி கிடந்தார்களே தவிர முடிவிலிருந்து இறங்கவில்லை. தண்ணீர் பயம் அன்றைக்கே போய்விட்டது, அதனால்தான் கப்பலுக்குப் போனேன் என்று ஜான்சன் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

தேவயானி மாமனார் முன்னால் போய் நின்றாள். இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெத்த புள்ளம்மா அவன். எனக்கு வயிறு எரியலன்னு நெனக்கிறியா? இன்னிக்கு நான் வாய வச்சேன்னா, நாளைக்கே அவுனுங்க வாசல்ல வந்து நிப்பானுங்க. எத்தினி பேரு பட்டினி கெடந்து வாங்கன மானம் இது!" என்றார். அதுவரை மாமனாரை எதிர்த்து ஒரு சொல் பேசாத தேவயானி அன்று பேசிவிட்டாள்.

"சாவுக்கு ஊத மாட்டேன்னுதான சொன்னீங்க மாமா? சாவாம இருக்கறதுக்கு ஊதுங்க."

இருசப்பன் எழுந்தார். பிறகு ஏணியை எடுத்துப் பரணில் சாத்தினார்.

மறுநாள் பனி, பக்கத்தில் நிற்கிறவன் மூக்கு தெரியாத பனி. ஊமைக் கப்பலின் தடதடப்பில் கரைமேல் கூழாங்கல் குதித்தது. தேவயானி சொல்லச்சொல்ல இருசப்பன் ஊதினார், குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. சத்தம் பனியைக் கீறிக்கொண்டு போனது. ஊரில் கதவுகள் திறந்தன. அவரவர் வீட்டுக் கிழடுகளைத் தொட்டுப்பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். சுப்பிரமணி மூச்சு வாங்க வந்து, "எந்த வூட்ல இருசப்பா?" என்று கேட்டார். குவாரியில் கல் உடைத்த இருசப்பன் நெஞ்சில் பாதி தூசி, இருந்தும் விடாமல் ஊதினார், உதட்டோரம் ரத்தம் வந்தும் ஊதினார். திடீரென்று கிழக்கே தடதடப்பு தடுமாறியது. பெரிய இரும்பு ஒன்று முக்கிக்கொண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. ஏரித்தண்ணீர் கரையேறி எல்லார் காலையும் நனைத்தது. அப்புறம் தரை அதிர ஒரு இடி, அதோடு அமைதி. ரொம்ப நேரம் கழித்து மேற்கேயிருந்து நீளமாக ஒன்று கேட்டது, முடிவில் விக்கலோடு. தேவயானி சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த வாரமே ஜான்சன் போன் செய்தான். எஞ்சின் பழுதாகி நின்றபோது பனிக்குள் ஒரு கப்பல் நேராக வந்ததாம், எல்லாரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்களாம், எங்கிருந்தோ நங்கூரமிட்ட கப்பல் ஒன்று ஊத, வந்தது திரும்பிப்போய்விட்டதாம். வரைபடத்தில் அந்த இடத்தில் எந்தக் கப்பலும் இல்லை என்று கேப்டன் இன்னும் மண்டையைக் குடைகிறாராம். "நம்ம நைனா ஊதற மாதிரியே இருந்திச்சுமே" என்றான். "சாப்டியா?" என்று மட்டும் தேவயானி கேட்டாள்.

திரும்பிய கப்பல் எங்கே போயிற்று என்பது அன்று வெயில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. ஊர்த்தெரு முடிந்து சுடுகாட்டுக்குத் திரும்புகிற இடத்தில், பாதைக்குக் குறுக்கே, குவாரிப் பள்ளத்திலிருந்து ஏரிக்கரைவரை துருப்பிடித்த இரும்புச் சுவராக அது படுத்துக்கிடந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. தாசில்தார் வந்து சுற்றிப்பார்த்தார். இது வண்டியும் இல்லை, கட்டடமும் இல்லை, நான் எந்தச் சட்டத்தில் அகற்றுவது என்று கேட்டுவிட்டுப் போனார். துறைமுகத்துக்காரர்களோ, கடல் இல்லாத ஊரில் கப்பல் இருக்க வாய்ப்பில்லை என்று போனிலேயே முடித்துக்கொண்டார்கள். ஆடுகள் அதன் நிழலில் படுக்கப் பழகின.

காலனியில்தான் புகைச்சல். இருசப்பன் மறுபடி ஊத ஆரம்பித்துவிட்டான் என்று ஊரார் டீக்கடையில் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு காலனிக்கு வந்து சேர்ந்தது. பட்டினி கிடந்தவர்கள் தேவயானியிடம் முகம் கொடுக்கவில்லை. இருசப்பன் சங்கை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டு அதைத் தொடுவதையே விட்டார், மருமகளிடம் பேச்சும் குறைந்துபோனது. மற்ற கப்பல்கள் நிற்கவில்லை, பனி இறங்கினால் வந்துகொண்டுதான் இருந்தன. எந்த வீட்டுப் புருஷனோ, எந்த வீட்டுப் பிள்ளையோ என்று தேவயானியே கரையில் நின்று ஊதப் பழகினாள். பொம்பளை சங்கு ஊதுவதாவது என்று இரண்டு பக்கமும் திட்டியது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது, உதடு வீங்கியது, பிறகு வசப்பட்டது. புருஷன் உயிரைக் காப்பாற்றப்போய் மாமனார் மானத்தை வாரிக்கொடுத்துவிட்டோமோ என்று ஒவ்வொரு மூச்சிலும் அவளுக்கு வலித்தது.

தை பிறப்பதற்குள் சுப்பிரமணியின் அம்மா ஆண்டாளம்மாள் போய்ச்சேர்ந்தாள். சுப்பிரமணி வெற்றிலைபாக்குத் தட்டோடு காலனி வாசலில் வந்து நின்றார். "கப்பலுக்கு ஊதறே, எங்கம்மாவுக்கு ஊத மாட்டியா?" என்றார். இருசப்பன் எழுந்திருக்கவில்லை. "சாவுக்கு ஊதறதில்ல" என்றார், அவ்வளவுதான். இதற்குத்தான் பயந்தேன் என்பதுபோல மருமகளை ஒரு பார்வை பார்த்தார். தேவயானிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை பாடையைத் தூக்கிக்கொண்டு கப்பலடிவரை போனார்கள். பள்ளத்தில் இறங்க முடியாது. வேறு வழியில்லை, ஏரியில் இறங்கினார்கள். நல்ல பனி. முன்தண்டு சுப்பிரமணி தோளில் இருந்தது. தேவயானி வழக்கம்போலக் கரையில் ஊதிக்கொண்டிருந்தவள், பாடை தண்ணீரில் இறங்குவது தெரிந்ததும் சங்கை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். இப்போது ஊதினால் அது ஆண்டாளம்மாளுக்கு ஊதியதாகிவிடும். காலனி முழுக்கக் கரையில் நின்று அவள் கையையே பார்த்தது. இருசப்பனும் நின்றார். பாடை நடு ஏரிக்குப் போனபோது பனிக்குள்ளிருந்து நீளமாக ஒன்று கேட்டது. வருகிறேன். இன்னும் கிட்டத்தில் மறுபடி ஒன்று. தண்ணீரில் நின்றவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் கூச்சல் போட்டார்கள்.

தேவயானி மாமனாரைப் பார்த்தாள். "செத்தவங்களுக்கு இல்ல மாமா," என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "தூக்கினு போறவங்களுக்கு." சங்கை வாயில் வைத்தாள். குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. அது சாவுச்சங்கு இல்லை என்று ஊரார் காதுக்கும் தெரிந்தது, காலனிக் காதுக்கும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தலையை ஆட்டினார். கப்பல் ஒதுங்கிப்போனது. அது கிளப்பிய அலை பாடையை ஒருமுறை தூக்கி, பூமாலையைப் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிட்டது.

காரியம் முடிந்து திரும்பியும் தண்ணீர் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. சுப்பிரமணி நெஞ்சுவரை நனைந்து, பல் கிட்டித்து, கரையேறி நேராக இருசப்பன் முன்னால் வந்து நின்றார்.

"இம்மாம் ஆழமா கீது?" என்றார்.

இருசப்பன் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு இன்னும் ஒரு சாண் கூட."

சுப்பிரமணி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. இருசப்பன் அவரைத் தேற்றவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. வெயில் வந்ததும் மருமகள் கையிலிருந்த சங்கை வாங்கித் தம் வேட்டியில் துடைத்து, "உதடு வீங்கிக்கீது பாரு. நாளைக்கு நான் ஊதறேன், நீ தூங்கு" என்றார்.

அந்தக் கப்பலை இன்றுவரை யாரும் நகர்த்தவில்லை. ஊர்ப் பொணமும் காலனிப் பொணமும் இப்போது ஒரே தண்ணீரில்தான் இறங்குகின்றன. சித்திரையில் ஜான்சன் லீவில் வந்தான். மினி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் பையைக்கூட வைக்காமல் போய், பாதையை அடைத்துக் கிடந்த இரும்பை அண்ணாந்து பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தான். துரு ரொம்ப ஏறிவிட்டது, மழைக்கு முன்னால் ஒரு கோட்டிங் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.