ஏழாவது கட்டம்

ராணுவ ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவின் குமாஸ்தாவுக்கு சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் 'ஏழாங்கட்டம்'. முகத்துக்கு எதிரே மட்டும் சார் போடுவார்கள். எல்லாம் அவர் மேஜையில் கிடந்த படிவத்தால் வந்த பெயர். முதல் ஆறு கட்டங்கள் பிரச்சினையில்லை; படை எண், வயது, எப்போது புண் வந்தது, எப்போது எரிச்சல் கண்டது என்று போகும். ஏழாவதில்தான் வண்டி நின்றுவிடும். 'யாரிடமிருந்து தொற்றியது? சந்தித்த இடம், அங்க அடையாளம்.' அது காலியாக இருந்தால் பெரிய டாக்டர் படிவத்தைத் திருப்பி அனுப்புவார். படிவம் திரும்பினால் ஊசி கிடையாது. ஊசிக்கோ காலை எட்டு மணிக்கே வாசல் வரை வரிசை.

போர் மூன்றாவது வருஷத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. குண்டடி பட்டு வருகிறவர்களைவிட, லீவுக்குப் போய்விட்டு இந்தச் சீக்கோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்கு முன்வாசல் சிப்பாய்களுக்கு. பின்வாசல் ஊர் ஜனங்களுக்கு, வெள்ளிக்கிழமை மட்டும். அங்கே தபால்காரர், கணக்கு வாத்தியார், முழுகாமல் இருக்கும் பெண்கள் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வீதியெங்கும் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சுவரொட்டியில் மட்டும் ஒரே ஒரு பெண், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு தனியாக நின்று சிரித்தாள். ஊர்ப் பழியை எல்லாம் ஒருத்தி தலையில் கட்டுவது எவ்வளவு சௌகரியம்.

ஏழாவது கட்டம் வந்ததும் சிப்பாய்களுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. சிலருக்குக் காட்டிக்கொடுக்க மனசில்லை. ஒன்றிரண்டு பேருக்கு அது கட்டின மனைவி. குமாஸ்தா இளகின மனசுக்காரர். காத்திருந்து பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுப்பார்.

"எங்க பாத்தீங்க தம்பி? பாலத்து பஸ் ஸ்டாப் மாதிரி எங்கேயாவது?"

"ஆமா சார், அங்கதான்."

"அடையாளம்னா ஒண்ணும் பெருசா வேணாம். காக்கிச் சட்டை, பச்சைக் குடை, தாடையில மச்சம், மணிக்கட்டுல தழும்பு, தெத்துப்பல்லு... இப்படி ஏதாவது?"

"மச்சம்னு போட்டுக்கோங்க சார்."

போட்டுக்கொள்வார். அடுத்தவன் தழும்பு என்பான், அதற்கடுத்தவன் குடை என்பான். எல்லாரும் ஊசிக்கு ஓடுவார்கள். கட்டம் நிரம்பிவிடும். அவரைக் கேட்டால், பாவம் பையன்களுக்கு ஒரு ஒத்தாசை என்பார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஊர்ப்பக்கத்துச் சுகாதார நர்ஸ் வந்தாள். இந்தப் படிவங்களை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து ஆள் பிடிப்பது அவள் வேலை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று புலம்புகிறவள், அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பாக ஒரு மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"பாருங்க சார். மூணு மாசப் படிவத்தையும் உக்காந்து சேத்துப் பாத்தேன். பதினோரு பேரு ஒரே பொம்பளையத்தான் சொல்லியிருக்காங்க. ஆளுக்கு ஒண்ணா சொன்னதால இத்தனை நாளா தெரியல. நாளைக்குப் போலீசோட போய்க் கூட்டிட்டு வந்துடறேன். சீக்கு இருந்தா, குணமாகற வரைக்கும் பூட்டின வார்டுதான்."

குமாஸ்தா அட்டையைப் படித்தார். பாலத்து ஸ்டாப். காக்கிச் சட்டை. பச்சைக் குடை. தாடையில் மச்சம். இடது மணிக்கட்டில் தழும்பு. தெத்துப்பல். மறுபடி முதலிலிருந்து படித்தார். பாலத்து ஸ்டாப்பில் பச்சைக் குடையோடு ஏறி இறங்குகிற பஸ் கண்டக்டர், அவருடைய சொந்தத் தங்கை.

இது எங்கிருந்து வந்தது என்று அந்த மனுஷனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஆபீஸில் ஊறின ஆளுக்கு இது ஒரு தனி வியாதி. காகிதத்தில் இருந்தால் அது நடந்ததுதான். அதுவும் பதினோரு காகிதம். கையெழுத்து தன்னுடையது என்பதுகூட அவருக்குச் சாட்சியாகத்தான் பட்டது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்ததே அவர்தான். ஆண்கள் எல்லாம் போருக்குப் போனதால் பஸ் டிப்போவில் பெண்களை எடுத்தார்கள், அவளும் சேர்ந்தாள். எல்லையில் தந்தி வேலை பார்க்கும் ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது. மாதம் ஒரு கடிதம் வரும், பாதி வரிகள் தணிக்கையில் கறுப்பாக.

நாலு மணிக்கு அவள் வந்தாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் பஸ்ல சிப்பாய்ங்க நிறைய வருவாங்களாம்மா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் முகாம் இருக்கு. சிப்பாய் வராம பூனையா வரும்?"

"பேச்சுக் கொடுப்பாங்களா?"

"கொடுப்பாங்க. டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்து உக்கார வெச்சுடுவேன். ஏண்ணா, இன்னைக்கு என்ன புதுசா விசாரணை?"

அவள் தெத்துப்பல் தெரியச் சிரித்தாள். இவ்வளவு லேசாகச் சிரிக்கிறவள் ஒரு பாவமும் அறியாதவள் என்று ஒரு மனசு சொன்னது. இவ்வளவு லேசாகச் சிரிக்கப் பழகியிருக்கிறாளே என்று இன்னொரு மனசு சொன்னது. போன மாதம் இரண்டு நாள் நேரம் கழித்து வந்தாள். பஸ் டயர் வெடித்தது என்றாள். இரண்டு நாளுமா வெடிக்கும்? புதுச் சீப்பு ஏது? ஒரு நிமிஷம் அவளை நினைத்து அழுகை வந்தது, மறு நிமிஷம் பளாரென்று அறையலாம் போல இருந்தது.

அவள் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனாள். டம்ளரால் எல்லாம் இது ஒட்டாது என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அதை நோட்டீஸாக அச்சடித்து ஒட்டியவரே இந்தக் குமாஸ்தாதான். ஆனாலும் அடுப்பில் வெந்நீர் போட்டார். அவள் டம்ளரை மட்டும் இடுக்கியால் எடுத்து அதில் முக்கிக் கொதிக்கவிட்டார். திரும்பினால் அவள் கதவருகே மடித்த துணியோடு நின்றிருந்தாள். டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவன் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு சமையல்காரச் சிப்பாய். ஏழாவது கட்டத்தில் வழக்கம்போல் தலையைக் குனிந்தான். குமாஸ்தாவின் நினைப்பு வேறெங்கோ இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் தானாக ஓடியது.

"பாலத்து ஸ்டாப் மாதிரியா தம்பி? காக்கிச் சட்டை, பச்சைக் குடை, தாடையில மச்சம்..."

பேனா நின்றுவிட்டது.

"ஆமா சார், மச்சம்" என்றான் பையன்.

"நிஜமா இருந்துச்சா?"

"நீங்க சொன்னீங்களே சார். ஏதாவது சொன்னாத்தான் ஊசின்னு வெளிய எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

தங்கையின் தாடையில் அந்த மச்சத்தை இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறார். ஏழு வயசில் அவளுக்கு இஸ்திரிப்பெட்டி பட்டு வந்தது அந்தத் தழும்பு. மருந்து தடவியது அவர் கை. பச்சைக் குடையைப் பேரம் பேசி வாங்கியதும் அவர்தான். ஒரு பெண்ணின் அடையாளம் என்றதும் அவர் வாயில் வருவதற்கு அவர் அறிந்த பெண் வேறு யார் இருந்தாள்?

எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனார். ஒன்றும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் பதினோரு படிவங்களையும் எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார்.

"இந்தப் பதினொண்ணுல நிஜம் எத்தனை?"

"தெரியல சார்."

"ஒண்ணாவது?"

"அதுவும் தெரியல சார்."

"பதினோரு பேருக்கும் சீக்கு நிஜம்யா. யார்கிட்டயோ இருந்துதானே வந்திருக்கு? அவங்க எல்லாம் ஊருக்குள்ளதான் இருக்காங்க. நாம மூணு மாசமா இல்லாத ஒருத்தியைத் தேடியிருக்கோம்." டாக்டர் சிவப்பு மைப் பேனாவை நீட்டினார். "அடிங்க. ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை."

பதினொன்றையும் அடித்தார். ஆனால் காக்கிச் சட்டை என்றால் கண்டக்டர்தான் என்று நர்ஸ் ஒன்பது மணிக்கே பஸ் டிப்போவுக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

பின்வாசல் பெஞ்சில், கணக்கு வாத்தியாருக்கும் வயிறு தள்ளிய ஒரு பெண்ணுக்கும் நடுவே தங்கை உட்கார்ந்திருந்தாள். மடியில் டிக்கெட் பை. முழங்கை மடிப்பில் பஞ்சு. ரத்தம் எடுத்தாகிவிட்டது. பஸ்ஸை நிறுத்தி, பயணிகள் எல்லாரும் பார்க்க இறக்கிக் கூட்டிவந்திருக்கிறார்கள். பக்கத்தில் போலீஸ்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். குமாஸ்தா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி முழுக்கச் சொன்னார்.

"உன் பேரைச் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல. அடையாளம்னு கேக்கறப்ப எனக்கு நீதான் கண்ணு முன்னால வந்தே."

அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் டம்ளரைக் கொதிக்க வெச்சியே. இதுக்குத்தானா?"

அவர் எழுந்துபோய், சிவப்பு மையில் அடித்த படிவங்களைப் போலீஸ்காரனிடம் காட்டி அவளை வீட்டுக்கு விடச் சொன்னார்.

திங்கட்கிழமை ரத்த முடிவு வந்தது. குமாஸ்தா அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் மடித்த சீட்டைப் பிரித்தார். எல்லாம் தான் எழுதியதுதான், தன் வாயில் வந்ததுதான் என்று தெரிந்த பிறகும் சாத்தினார். 'இல்லை' என்று இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதுதான் அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம்?

டிப்போவில் அவளை மறுபடி பஸ் ஏற்றவில்லை. ஜனங்கள் பேசுகிறார்கள் என்று பின்கட்டில் பஸ் இருக்கை உறை தைக்கப் போட்டார்கள். சாயங்காலம் அவள் வந்ததும் குமாஸ்தா ரத்த முடிவுச் சீட்டை மேஜைமேல் வைத்தார். அவள் எடுத்துப் படிக்கவில்லை.

"தெரியும்ணா" என்றாள்.

டீயைக் குடித்தாள். பிறகு அடுப்பில் வெந்நீர் போட்டாள். தன் டம்ளரை இடுக்கியால் பிடித்து அதில் முக்கி, அது கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"வேணாம்மா. அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே" என்றார் அவர்.

"இருக்கட்டும்" என்றாள். டம்ளரைத் துடைத்து, அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் வைக்காமல், ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் அப்படித்தான் செய்தாள்.